தண்ணீர் ஓரத்தில் ஆபீஸ் கட்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கடலோ ஆறோ தெரிகிற மனை கிடைத்துவிட்டால், முதலில் வரைவது கண்ணாடிச் சுவர்தான். சென்னையில் கடல் கிழக்கே. காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து உட்காரும்போது வெயில் நேராக மானிட்டரில் விழும். பத்து மணிக்குள் பிளைண்ட்ஸ் எல்லாம் இறங்கிவிடும். வெயில் மறுபக்கம் போன பிறகும் அதை ஏற்ற யாருக்கும் நினைவு வராது. கடல் தெரிகிறது என்று கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு, பகல் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் வேலை பார்க்கும் மாடிகளை நான் பார்த்திருக்கிறேன். தாழ்ந்து வரும் காலை வெயிலை ஜன்னலுக்கு மேலே நீட்டும் சன்ஷேட் தடுக்காது. சாய்த்து வைத்த செங்குத்துத் தகடுகள் ஓரளவு தடுக்கும்.

சரி, இதெல்லாம் பணத்தோடு போகிற தவறு. பேஸ்மென்ட் அப்படியல்ல.

வெள்ளம் வந்தால் பேஸ்மென்ட் மூழ்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிடுகிறார்கள். டீசல் தொட்டியும் அதை மேலே தள்ளும் பம்பும் மட்டும் கீழேயே தங்கிவிடும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது மன்ஹாட்டன் தென்முனையில் கடல், தாழ்நீர் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 14 அடி ஏறியது. அங்கே 75, பிராட் ஸ்ட்ரீட் என்ற கட்டடத்தில் ஒரு டேட்டா சென்டர் இருந்தது. ஜெனரேட்டர் மேல்மாடியில் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. எரிபொருள் ஏற்றும் அமைப்பு பேஸ்மென்ட்டில் மூழ்கிவிட்டது. ஊழியர்களும் வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஆட்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, 17 மாடிக்கு டீசலை வாளி வாளியாகக் கைமாற்றி ஏற்றினார்கள். நாள்கணக்கில்!

ஆகவே பிளானைக் கையில் வாங்கியதும் ஜெனரேட்டர் எங்கே என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர், எச்.டி. பேனல் (உயர் அழுத்த மின்சாரம் வந்து சேரும் பெட்டி), தீயணைப்புப் பம்ப், சம்ப் மோட்டாருக்குப் போகும் வயர், இவையெல்லாம் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பாருங்கள். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய மோட்டாரின் ஸ்விட்ச் போர்டே முதலில் முழுகும் கட்டடங்கள் நம் ஊரில் நிறைய.

தரைமட்டத்தைத் தீர்மானிப்பதிலும் ஒரு அவசரம் உண்டு. போன மழைக்கு எவ்வளவு நின்றதோ அதற்கு மேல் ஒரு அடி என்று முடிவு செய்துவிடுவார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப் போட்டது. ஆற்றின் குறுக்கே ஓடுபாதை போட்டிருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. இன்னொன்றும் இருக்கிறது. நம் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது தார் போடுவது வழக்கம். சாலை ஏற ஏற உங்கள் வாசல் பள்ளமாகும். அதற்குப் பயந்து மனை முழுக்க மண் கொட்டி உயர்த்தினால், தண்ணீர் பக்கத்துக் குடியிருப்புக்குப் போகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி நடந்தது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

உப்புக் காற்றைப் பற்றிச் சுருக்கமாக. கடலோரக் கட்டடத்தை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது: கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் கவர், குறைந்தது எம்30 தரம். கடல்நீர்த் தெறிப்பு படும் இடமென்றால் கவர் 50 மி.மீ., தரம் எம்35. காகிதத்தில் எல்லாரும் எழுதுவார்கள். சைட்டில், கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக் 25 மி.மீ.தான் கிடக்கும். கான்கிரீட் போடும் நாள் காலையில் ஒரு டேப்போடு போய் நீங்களே அளந்து பாருங்கள்.

மனை வாங்குவதில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தானே, சி.ஆர்.இசட். வராது" என்பது. வரும். கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் இந்தக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி கடற்கரையோடு நிற்பதில்லை; ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் ஆறு, கழிமுகக் கரைகளையும் பிடிக்கும். 2011 அறிவிக்கையில் அங்கே 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், இதில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. கூவமும் அடையாறும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் ஓதத்துக்கு உட்பட்டவைதான். இந்தத் தூரத்தை அளக்கத் தொடங்கும் உயர் ஓதக் கோட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதைக் குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன; சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வரைபடம் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, ஆள் எப்படி வருவார் என்ற கேள்வி. தண்ணீரை ஒட்டிய மனைக்கு ஒரு பக்கம் வழியே கிடையாது. லண்டனின் கேனரி வார்ஃப் இதில் நல்ல பாடம். 1980-ல் மூடிய கப்பல் துறைகளில் எழுந்த வளாகம் அது. 50 மாடிக் கோபுரம் 1991-ல் தயார். போய்ச் சேர இருந்ததோ 1987-ல் திறந்த ஒரு இலகு ரயில். அலுவலகச் சந்தை சரிந்த நேரமும் சேர்ந்துகொள்ள, கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் 1992-ல் திவாலானது. சுரங்க ரயிலான ஜூபிலி லைன் அங்கே வந்து சேர்ந்தது 1999-ல்தான்.

மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு பஸ்ஸில் போய் இறங்கி, கேட் வரைக்கும் நடந்து பாருங்கள்.