எண் மாறாமல் ப்ரீபெய்டுக்கு மாறுவது எப்படி? சிங்கப்பூரில் இருப்போருக்கான செய்முறை

"பில் கட்டி மாளவில்லை, ப்ரீபெய்டுக்கு மாறலாம். ஆனால் நம்பர் போய்விடுமே?" வீட்டுப் பெரியவர்களும் தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளும் அடிக்கடி கேட்பது இது. நம்பர் போகாது. 2008 ஜூன் 13 முதல் சிங்கப்பூரில் முழுமையான எண் மாற்று வசதி நடப்பில் இருக்கிறது. 8-இலோ 9-இலோ தொடங்கும் உங்கள் எட்டு இலக்க எண்ணை அப்படியே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பழைய லைனை நீங்களாகப் போய் ரத்து செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும் லைனிலிருந்துதான் எண்ணை எடுத்துச் செல்ல முடியும். ரத்து செய்துவிட்டு, "இப்போது அதே நம்பரைக் கொடுங்கள்" என்று புதிய கடையில் கேட்டால் கிடைக்காது. சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான நுழைவு), பேநவ் (கைபேசி எண் வழிப் பணப் பரிமாற்றம்), வங்கி ஓடிபி, பிள்ளையின் பள்ளி, பாலிகிளினிக் என்று எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. அதனால் அவசரம் வேண்டாம்.

படி 1: லைன் யார் பெயரில் இருக்கிறது?

மாற்றம் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும் பெயரும் அடையாள எண்ணும், புதிய விண்ணப்பத்தில் நீங்கள் கொடுப்பவையும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பிவிடும்.

நம் வீடுகளில் அம்மாவின் கைத்தொலைபேசி லைன் மகன் பெயரில் இருப்பது சர்வ சாதாரணம். அம்மா தன் அடையாள அட்டையோடு கடைக்குப் போனால் வேலை நடக்காது. மகன் தன் பெயரிலேயே மாற்றிக்கொள்ளலாம். அல்லது, பழைய நிறுவனத்திலேயே லைனை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டு, அதன்பின் புதிய இடத்தில் விண்ணப்பிக்கலாம். கம்பெனி கொடுத்த லைன் என்றால் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும்.

வேலைக்கு வந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய சிம் அட்டையில் பாஸ்போர்ட் எண்தான் பதிவாகியிருக்கும். இப்போது கையில் இருப்பதோ ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) உள்ள வேலை அனுமதி அட்டை. இரண்டும் ஒன்றல்ல. முதலில் பழைய நிறுவனத்தின் கடைக்குப் போய், பதிவை ஃபின் எண்ணுக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். நண்பர் பெயரில் வாங்கிய சிம் அட்டை என்றால் அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 2: பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதா?

பழைய நிறுவனத்தின் செயலியில் ஒப்பந்தம் முடியும் தேதி இருக்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கைபேசி வாங்கியிருந்தால், பாதியில் விலகுவதற்கு அபராதம் கட்டவேண்டி வரும். எண்ணைக் கொண்டுபோகும் உரிமை இருக்கிறது என்பதற்காக அந்தத் தொகை மன்னிக்கப்படாது. வீட்டு இணையத்தோடு சேர்த்து வாங்கிய சலுகை என்றால், இந்த லைன் போனபின் இணையக் கட்டணம் ஏறுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 3: புதிய சிம் அட்டையைத் தேர்ந்தெடுங்கள்

விலையைப் பார்ப்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ப்ரீபெய்ட் திட்டம் வெளியிலிருந்து வரும் எண்ணை ஏற்குமா? ஒருமுறை டாப் அப் செய்தால் எத்தனை நாள் செல்லுபடியாகும்? ஊருக்குப் போனால் ரோமிங் வேலை செய்யுமா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். தேக்கா பக்கம் கடைக்கா பஞ்சம்?

ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் அட்டைகள்தான் இருக்கலாம். 2014 முதல் இதுதான் விதி. டிராயரில் கிடக்கும் பழைய அட்டைகளும் இந்தக் கணக்கில் வரலாம்.

கைபேசி மிகப் பழையது என்றால் இன்னொரு சிக்கல். 2024-இல் இங்கே 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யக்கூடிய கைபேசி வேண்டும்.

படி 4: விண்ணப்பம்

இந்தியாவில் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி யுபிசி குறியீடு (எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தரும் குறியீடு) வாங்கிப் பழகியவர்களுக்கு இது வித்தியாசமாக இருக்கும். இங்கே அந்தக் குறியீடே கிடையாது. பழைய நிறுவனத்திடம் எதுவும் கேட்க வேண்டாம். புதிய நிறுவனத்திடம் "என் பழைய எண்ணோடு வருகிறேன்" என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை, பழைய எண், பழைய நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் கொடுங்கள்.

உறுதிப்படுத்தும் எஸ்எம்எஸ் பழைய எண்ணுக்கு வரலாம் என்பதால் பழைய சிம்மைக் கழற்றாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்காத நேரத்தில் "எண் மாற்றம்" என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு 1799 ஸ்கேம்ஷீல்டு (மோசடி குறித்த உதவி) எண்ணை அழையுங்கள்.

படி 5: மாறும் நாள்

பொதுவாக ஓரிரு வேலை நாள் ஆகும். பெரிய பணப் பரிமாற்றம் உள்ள நாளையும் நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

புதிய சிம்மோடு ஒரு தற்காலிக எண் வந்தால், அதில் வாட்ஸ்அப் பதிவு செய்யாதீர்கள். "எண்ணை மாற்றிவிட்டீர்களா?" என்று வாட்ஸ்அப் கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள். உங்கள் எண் மாறப்போவதில்லையே.

இரண்டு சிம் போடும் கைபேசியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே பழைய சிம்முக்கு நேராக இருக்கும் சிக்னல் கோடுகள் மறைந்து "சேவை இல்லை" என்று வரும். பதற வேண்டாம். எண் கைமாறிவிட்டது என்று அர்த்தம். கைபேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய லைன் தானாகவே முடிந்துவிடும். ஆனால் கடைசி பில் ஒன்று வரும், அது கழியும்வரை ஜைரோவை (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பில் கட்டும் ஏற்பாட்டை) நிறுத்தாதீர்கள். பழைய லைனும் ப்ரீபெய்ட் என்றால், அதில் மிச்சமிருக்கும் பணம் புதிய அட்டைக்கு வராது. மாறுவதற்கு முன்பே அழைப்புகளில் செலவழித்துவிடுங்கள்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்கு அழையுங்கள், அவர் திரையில் உங்கள் பழைய எண் தெரிய வேண்டும். வேறு நிறுவன லைன் வைத்திருப்பவரை உங்களுக்கு அழைக்கவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் சொல்லுங்கள். ஓடிபி வருகிறதா என்றும் பாருங்கள். இணையம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கைபேசியில் இணைய இணைப்புக்கான ஏபிஎன் அமைப்புதான் காரணம், புதிய நிறுவனம் கொடுத்தபடி அதைப் போட்டால் சரியாகிவிடும். பேநவ், சிங்பாஸ் இரண்டும் எண்ணைத்தான் பார்க்கின்றன, நிறுவனத்தை அல்ல. அவற்றில் எதையும் மாற்ற வேண்டாம்.

படி 7: எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

பில் லைனில் இல்லாத கவலை ப்ரீபெய்டில் ஒன்று உண்டு. செல்லுபடிக் காலம் முடிந்து, சலுகை நாள்களும் கடந்தும் டாப் அப் செய்யவில்லை என்றால் அட்டை செத்துவிடும், எண்ணும் கையைவிட்டுப் போகும். கணக்கில் பணம் மிச்சம் இருந்தாலும் தேதி கடந்தால் கடந்ததுதான். ஆகவே காலாவதித் தேதியைக் கைபேசி நாள்காட்டியில், ஒரு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டுவையுங்கள். பெற்றோரின் அட்டை என்றால் உங்கள் கைபேசியிலும் போடுங்கள். பொங்கலுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஓரிரு மாதம் ஊருக்குப் போகிறீர்களா? விமானம் ஏறுவதற்கு முன் நீண்ட நாள் செல்லுபடியாகும் டாப் அப் போட்டு, ரோமிங்கையும் திறந்துவைத்துவிட்டுப் போங்கள்.