சுகர் இருக்கிறதா? வீட்டாருக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள்

எனக்கு சுகர் என்று தெரிந்த வாரமே வீட்டில் எல்லோரும் காவல்காரர்கள் ஆகிவிட்டார்கள். தட்டில் என்ன இருக்கிறது, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேனா, "இதெல்லாம் நீ சாப்பிடலாமா?" என்று ஒரே விசாரணை. அன்புதான், மறுக்கவில்லை, ஆனால் அதனால் நான் கற்றுக்கொண்டது ஒளித்துச் சாப்பிடுவதைத்தான். "எனக்கு உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் அறிவுரைதான் வரும். ஆளுக்கு ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்லிக் கேட்டால்தான் உதவி வரும்.

அதற்கு முன்னால் உங்கள் நோயைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் உங்களுக்காக ஒதுக்கும் சில நிமிடங்கள் மருந்தை மாற்றி எழுதவே சரியாகிவிடும், அதனால் நீரிழிவுக் கல்வியாளரோ உணவு ஆலோசகரோ நடத்தும் வகுப்பு எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடமே கேளுங்கள். நோய் கண்டுபிடித்தவுடன் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அளவு கைமீறும்போது, கண்ணிலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு தெரியும்போது, வாழ்க்கையில் பெரிய மாற்றம் வரும்போது இதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

வகுப்பில் வெட்கப்படாமல் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் சாப்பிட்டதையும் ஒரே வரியில் எழுதிவைத்தால், எந்த உணவு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒரு வாரத்திலேயே பிடிபட ஆரம்பிக்கும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சுகர் அளவின் சராசரி மாதிரி. கர்ப்பமாக இல்லாத பெரியவர்கள் பலருக்கும் 7 சதவீதத்துக்குள் என்று இலக்கு வைப்பார்கள், ஆனால் வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து அது மாறும், பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கு உங்களுடையது அல்ல.

சரி, இப்போது வேலைகளைப் பிரிக்கலாம்.

இன்சுலினோ, சுகரை அதிகம் இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் என்றால் முதல் வேலை லோ சுகருக்கு, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும் நேரத்துக்கு. கூடவே இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்க் கோபம் (என் வீட்டில் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்) தெரிந்தால் உடனே சோதிக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது அரை கப் பழச்சாறு அல்லது 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், சுகரை வேகமாக ஏற்றும் குளுக்ககான் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் போட வேண்டும். இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, ஒருநாள் அவரையே மீட்டரில் பார்க்கச் சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

நடக்கத் துணையாக இன்னொருவர். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பெரிதாகத் தெரியும், ஐந்து நாளுக்குப் பிரித்தால் அரை மணி நேரம்தான், வாசலில் ஒருவர் செருப்போடு காத்திருந்தால் சாக்குச் சொல்ல முடியாது. கண், பாதம், சிறுநீரில் புரதம் ஆகிய ஆண்டுப் பரிசோதனைகளின் தேதியைத் தேதி மறக்காத யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

காவல்காரர்களை என்ன செய்வது? சும்மா இரு என்றால் மனம் நோகும். "நான் சாப்பிடும்போது கேட்காதே, எனக்குக் கோபம்தான் வருகிறது, அதற்குப் பதில் சாப்பிட்ட பிறகு என்னோடு பத்து நிமிடம் நடக்க வா" என்று சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் எடுபட்டது, முழுவதும் இல்லை என்றாலும்.

வீட்டாருக்குப் புரியாத ஒன்று உண்டு, விடுமுறையே இல்லாத இந்தக் கணக்குப் பார்க்கும் சலிப்பு. அதற்கு இதே நோய் உள்ளவர்களின் குழு வேண்டும். ஊசியைத் தள்ளிப்போட்டது, மீட்டரைத் தொடப் பிடிக்காமல் ஒரு மாதம் ஓட்டியது எல்லாம் அங்கே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மருந்தை நிறுத்திவிட்டு ஏதோ பொடி சாப்பிடச் சொல்பவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவர் பேச்சில் மயங்கி இன்சுலினைக் குறைக்காதீர்கள். உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடும் முதல் வகை (டைப் 1) நீரிழிவில் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சலிப்பு வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் எதிலும் ஆசையும் போய்விட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சுகர் அளவைக் கேட்பார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று பெரும்பாலும் நாமாகத்தான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், அடுத்த முறை வகுப்புக்குப் போகும்போது லோ சுகர் வேலையை ஏற்றவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு உங்களைவிட நிறையக் கேள்விகள் இருக்கும்.