தோட்டப் பாடசாலைக்குத் திரையும் கணினியும் பெற நிதி திரட்டும் முறை

பாடசாலைக்குக் கிடைக்கும் நிதி தாளுக்கும் வெண்கட்டிக்குமே போதாதபோது, திரையில் பாடம் காட்ட நினைப்பது ஆடம்பரம் என்று ஒதுங்கிவிடும் ஆசிரியர்கள் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் குருதிச் சுற்றோட்டத்தைப் பிள்ளைகள் கண்ணால் காண வேறு வழி ஏது?

முதலில் சாதனத்தை அல்ல, பாடத்தைத் தீர்மானியுங்கள். எந்தத் தரத்துக்கு, எந்த அலகுக்கு, வாரத்தில் எத்தனை பாடவேளைக்குத் திரை தேவை என்று எழுதிப் பார்த்தால் கேட்க வேண்டியது தானே சுருங்கிவிடும். வெளிச்சம் புகும் மண்டபத்தில் புரொஜெக்டரின் படம் மங்கும், அதன் விளக்கையும் காலப்போக்கில் மாற்ற நேரிடும் என்பதால், சிறு வகுப்புக்கு 43 அங்குலத் தொலைக்காட்சியே மேல் என்பது என் கருத்து. இணையச் செலவையும் குறைக்கலாம்: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலுள்ள பாடநூல்களை நகரத்தில் இலவசமாகத் தரவிறக்கிக் கொண்டுவரலாம், கோலிப்ரி என்னும் இலவச மென்பொருளைப் பழைய கணினியில் நிறுவிப் பாடங்களை ஒருமுறை ஏற்றிவிட்டால், பிறகு இணையமின்றியே இயங்கும்.

அடுத்து மதிப்பீடு. பலர் சாதனத்தின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும் நம் மலைகளில் மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி, பூட்டக்கூடிய இரும்பு அலுமாரி, ஈரலிப்பை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள், ஓராண்டுப் பழுதுபார்ப்புச் செலவு ஆகியனவும் அதே மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். வாங்கித் தந்தவரிடம் பழுதுச் செலவுக்காக மீண்டும் போய் நிற்பது எளிதன்று. மூன்று கடைகளில் விலைமனுப் பெற்று இணையுங்கள்.

பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றிக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். அதிபரின் கணக்காயினும் ஆசிரியரின் கணக்காயினும் தனியார் கணக்கு கூடவே கூடாது.

யாரிடம் கேட்பது? பெற்றோரிடம் முதலில் போகாதீர்கள். கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழும் மாதத்தில் சந்தா கேட்டால், கொடுக்க இயலாதவரின் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கும். அவர்கள் சிரமதானத்தில் அறைக்கு வெள்ளையடித்துக் கொடுப்பதே பெரும் பங்களிப்பு. கொழும்பில் கடை நடத்தும் பழைய மாணவர்கள், வெளிநாடு சென்றோர், தோட்ட நிர்வாகம், அருகிலுள்ள நகரத்து வர்த்தகர் சங்கம் ஆகியோரிடம் ஒரு பக்கக் கடிதத்தோடு செல்லுங்கள். 'எமது பாடசாலையின் வளர்ச்சிக்கு உதவுங்கள்' என்ற பொதுவரி யாரையும் அசைப்பதில்லை. 'தரம் 8 பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் திரையில் கற்க ஒரு தொலைக்காட்சி தேவை. அலுமாரியைப் பழைய மாணவர் ஒருவர் ஏற்றுள்ளார். மீதித் தொகையின் விவரம் இணைப்பில் உள்ளது' என்று எழுதினால், தாம் எதை ஏற்கலாம் என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.

பணம் வந்த அன்றே பற்றுச்சீட்டு கொடுங்கள். பொருள் வந்ததும் தொடரிலக்கத்துடன் பொருட்பதிவேட்டில் ஏற்றி, அலுமாரிச் சாவிக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். தவணை முடிவில் எந்தெந்தப் பாடங்களுக்குத் திரை பயன்பட்டது என்பதைப் படத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி, உதவிய ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு பழுதுச் செலவுக்கான கடிதத்தோடு அந்தப் பக்கத்தையே இணைக்கலாம்.