கன்வேயர் மோட்டாருக்கு டிரைவ் பொருத்தும் முறை

கிருஷ்ணகிரிப் பகுதியின் மாங்கூழ் ஆலைகளில் பருவம் தொடங்குவதற்கு முன்பே கன்வேயர்களுக்கு டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் மின்னணுக் கருவி, பொருத்தும் வேலை வந்துவிடும். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக இறங்கும் நாளில் பெல்ட் விரைந்து ஓட வேண்டும்; அழுகல் பொறுக்கும் பெண்களின் கை எட்டாமல் பழம் நழுவினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். புல்லியை மாற்றி இதைச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது.

மும்முனை இண்டக்‌ஷன் மோட்டாரின் காந்தப்புலம் சுழலும் வேகம், 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டார் சற்றுப் பின்தங்குவதால், மோட்டாரின் விவரத் தகடான நேம் பிளேட்டில் 1440 என்பது போல இருக்கும். துருவங்களை நம்மால் மாற்ற முடியாது, ஆகவே அதிர்வெண்ணை மாற்றுகிறோம். ஆனால் அதை மட்டும் குறைத்தால் இரும்பு மையம் காந்தத்தால் நிறைந்து ஆம்பியர் எகிறும் என்பதால், வோல்டேஜையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும். 415ஐ 50ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட், எனவே 25 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 207 வோல்ட் போதும். டிரைவ் செய்வது இவ்வளவுதான்: வரும் ஏ.சி.யை டையோடுகள் டி.சி.யாக்குகின்றன, கெபாசிட்டர்கள் அதை ஏறத்தாழ 585 வோல்ட்டில் தேக்கி வைக்கின்றன, ஐ.ஜி.பி.டி. என்னும் மின்னணு சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை நறுக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் மூன்று ஃபேஸ்களாக மோட்டாருக்குத் தருகின்றன. மோட்டாரில் எழும் மெல்லிய ரீங்காரம் இந்த நறுக்கலின் ஓசையே.

டிரைவை எச்.பி. பார்த்து வாங்காமல், நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். கன்வேயர் எந்த வேகத்திலும் ஒரே அளவு இழுவை கேட்கும் இயந்திரம் என்பதால் ஹெவி டியூட்டி (கடும் சுமைக்கான) அளவே பொருந்தும்.

இணைப்பில் சப்ளை ஆர், எஸ், டி முனைகளுக்கும், மோட்டார் யு, வி, டபிள்யு முனைகளுக்கும் செல்ல வேண்டும். இடம் மாறினால் பவர் போட்ட கணமே டிரைவ் போய்விடும். மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, 415 வோல்ட்டுக்கு நேம் பிளேட் காட்டும் இணைப்பை மோட்டார் பெட்டிக்குள்ளேயே போட வேண்டும். ஓர் ஆலையில் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய கான்டாக்டரை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை), பேனலில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுவைத்தேன். ஆபரேட்டர் பழக்கத்தில் அதன் சிவப்புப் பொத்தானையே அழுத்தி ஓட்டத்தின் நடுவில் மோட்டாரைத் துண்டித்துக்கொண்டிருந்தார். சில நாள் ஓவர் கரண்ட் ட்ரிப் (ஆம்பியர் மிகுந்து தானே நின்றுவிடுவது) காட்டிய டிரைவ், இரண்டாம் வாரத்தில் ஐ.ஜி.பி.டி. வெடித்து நின்றது. நிறுத்துவதும் ஓட்டுவதும் டிரைவின் கன்ட்ரோல் முனைகள் வழியாகவே நடக்க வேண்டும். அவசர நிறுத்தத்துக்கு உரிய பாதுகாப்பு இணைப்பை டிரைவின் கையேட்டில் உள்ளபடி தனியே செய்ய வேண்டும்.

அடுத்து, நேம் பிளேட்டில் உள்ள வோல்டேஜ், ஆம்பியர், ஹெர்ட்ஸ், சுற்று ஆகியவற்றை கீபேடில் பதியுங்கள். வேகம் ஏறும் நேரம் பத்து நொடி இருந்தால் பழம் உருளாமல் பெல்ட் கிளம்பும். இறங்கும் நேரத்தை மிகக் குறைத்தால் மோட்டாரே ஜெனரேட்டர் போல மின்சாரத்தைத் திருப்பித் தந்து ஓவர் வோல்டேஜ் ட்ரிப் வரும். குறைந்த அளவை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைக்க வேண்டாம் என்பேன், ஏனெனில் மோட்டாரின் விசிறியும் அதே தண்டில்தான் சுழல்கிறது; வேகம் குறைந்தால் காற்றும் குறைந்து சுருள் சூடேறும்.

இந்தக் குறைந்த அளவைப் பதியும் முன்பே முதல் ஓட்டத்தை 5 ஹெர்ட்ஸில் செய்து திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் பவரை நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, டி.சி. முனைகளில் மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பின்பே யு, வி, டபிள்யுவில் ஏதேனும் இரண்டை மாற்ற வேண்டும். கீபேடு அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கக் கூடாது.

இதைப் பார்த்த தோட்டக்காரர்கள் போர்வெல்லுக்கும் கேட்பதுண்டு. அங்கே கணக்கு வேறு. பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால், 40 ஹெர்ட்ஸில் அது 64 சதவீதமாகிவிடும். முழு வேகத்தில், தண்ணீர் வெளியே விழாத கட்டம் வரை, அதிகபட்சம் 300 மீட்டர் தூக்கும் பம்ப் அப்போது 192 மீட்டர்தான் தூக்கும். தண்ணீர் 220 மீட்டரில் கிடந்தால், மோட்டார் ஓடும், குழாயில் சொட்டும் வராது.

பருவம் முடிந்து ஆலையைப் பூட்டினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரைவுக்கு இரண்டு மணி நேரம் பவர் கொடுத்து வாருங்கள். நெடுநாள் மின்சாரம் காணாத கெபாசிட்டர் தளர்ந்துபோகும். கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடையுங்கள். பேனலைத் திறக்கும்போது முனைகளுக்கு நடுவே கருகி ஒட்டிய பல்லியை நான் ஒருமுறைக்கு மேல் சுரண்டி எடுத்திருக்கிறேன்.