கோடையில் வீடு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் வீடு மாறுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை நேரத்தைக் கணக்கிடுவதில்தான் தொடங்குகின்றன. மற்ற காலங்களில் காலை 9 மணிக்கு லாரி வந்து, 10 மணிக்குச் சாமான் ஏற்றத் தொடங்கி, மாலைக்குள் புது வீட்டில் இறக்கி முடித்தால் யாருக்கும் குறை இருக்காது. அதே ஏற்பாட்டைக் கோடையிலும் அப்படியே வைத்துக்கொண்டால், பீரோவும் கட்டிலும் படிக்கட்டில் இறங்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாகிவிடும். நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்தாலும், காற்றின் வெப்பம் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே, உச்சிவேளை கழிந்துவிட்டது என்று 1 மணிக்கு வேலையைத் தொடங்குவோர் அன்றைய மோசமான வெப்பத்துக்குள்தான் நுழைகிறார்கள்.

காலை 10 மணிக்குள் கடைசிப் பெட்டி வண்டியில் ஏறியிருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான வழி. அப்படிப் பார்த்தால் வண்டி விடியற்காலையிலேயே வாசலில் நிற்க வேண்டும். அது வரும்போது கட்ட வேண்டிய பெட்டியோ கழற்ற வேண்டிய கட்டிலோ ஒன்றும் மீதமிருக்கக் கூடாது. காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் சமையலறைச் சாமான்கள்தான் பல வீடுகளில் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், சாமான் ஏற்றியிறக்க லிஃப்டை எந்த நேரத்தில் தருவார்கள் என்பதை இரண்டு இடங்களிலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஏற்றும் நேரத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டமிடுபவர்கள்கூட இறக்கும் நேரத்தை மறந்துவிடுவதுண்டு. புது வீடு தொலைவில் இருந்து, வண்டி நடுப்பகலில் போய்ச் சேரும் என்றால், மாலை 5 மணிக்கு மேல் இறக்குவதாக வண்டிக்காரரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அப்படிக் காத்திருக்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெளியே 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் நிற்கும் மூடிய வண்டியின் உட்புறம் 50 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். வாசனைத் திரவியம், பூச்சிமருந்து போன்ற ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில், 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டே இருக்கும். எரிவாயு சிலிண்டர், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றை மற்றச் சாமான்களோடு மூடிய வண்டியில் ஏற்றவே கூடாது. பவர் பேங்க், மடிக்கணினி போன்ற லித்தியம் பேட்டரி உள்ள பொருள்கள் உங்கள் கைப்பையில் வரட்டும். மருந்துகளை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று பிறகு தேடும் நிலை வரக் கூடாது. குறிப்பாக, திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், அதைக் குளிர்காப்புப் பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால், பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்துவிடாமல் இடையில் ஒரு துணியைச் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

மெருகேற்றிய மரச்சாமான்களையும் தோல் சோபாவையும் பிளாஸ்டிக் படலத்தால் நேரடியாக இறுக்கிச் சுற்றுவது இன்னொரு தவறு. வெப்பத்தில் மெருகு இளகி, படலம் அதில் ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது தழும்பு போலத் தடம் விழும். முதலில் பழைய போர்வையைச் சுற்றி, அதற்கு மேல் படலத்தைச் சுற்றினால் இந்தச் சேதம் நேராது. பேக்கிங் டேப்பின் பசையும் சூட்டில் இளகும் என்பதால், கனமான பெட்டிகளின் அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று ஒட்டுங்கள்.

ஃபிரிட்ஜை நிறுத்தி, உள்ளே உள்ள பனி உருகித் துடைப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவைப்படும். அதை நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். அது திரும்பி வரும்வரை, சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அதாவது, வெயிலில் களைத்துப்போய் வந்து சேரும் வேளையில் குளிர்ந்த தண்ணீருக்கு ஃபிரிட்ஜை நம்ப முடியாது. ஏசியைக் கழற்றி மாட்டுபவர்களுக்குக் கோடையில் ஓய்வே இருக்காது என்பதால், வண்டியை ஏற்பாடு செய்யும்போதே அவர்களிடமும் நாள் வாங்கிவிடுங்கள்.

பொருள்களுக்கு எடுத்துக்கொள்ளும் இத்தனை அக்கறையும் சுமப்பவர்களிடம் இல்லாமல் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். வியர்த்த கையில் இரும்பு பீரோ வழுக்கும்; படிக்கட்டுத் திருப்பத்தில் கீழ்ப்படியில் நிற்பவரின் மேல்தான் அதன் முழு எடையும் சாயும். பிடிப்புள்ள கையுறைகளை நீங்களே வாங்கி வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் எல்லோரும் குடிக்க வேண்டும். பல மணி நேரம் வியர்க்க உழைப்பவர்களுக்கு உப்பும் வெளியேறிவிடுவதால் ஓஆர்எஸ் கரைசலும் வேண்டியிருக்கும். நிழலில் சற்று உட்கார்ந்து எழுவதை வேலை நேரத்தின் பகுதியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பத் தாக்கத்தின் முதல் அறிகுறிகள். அந்த நிலையிலேயே சுமப்பதை நிறுத்திவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, நிலை தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

குழந்தைகளையும் முதியவர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் அன்று பகல் முழுவதும் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ விட்டுவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. எந்தக் காரணத்துக்காகவும், ஐந்து நிமிடம்தானே என்றுகூட, நிறுத்திய காருக்குள் அவர்களை உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போகாதீர்கள்.

புது வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் வருகின்றனவா என்பதை முந்தைய நாளே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். எல்லா அறைகளையும் அன்றைக்கே அடுக்கிவிட முயல வேண்டாம். படுக்கை, மேசை விசிறி, மாற்று உடை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைக் கடைசியாக ஏற்றினால் அவையே முதலில் இறங்கும். இரவு படுக்கப்போகும் அறையை மட்டும் முதலில் ஒழுங்குபடுத்தி, வெயில் தணிந்ததும் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டமாக வையுங்கள். காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மின்விசிறி உடலைக் குளிர்விக்காமல் சூட்டையே கூட்டும் என்பதால், அந்தச் சமயத்தில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதே பலன் தரும். மற்றப் பெட்டிகளை மறுநாள் காலை பிரித்துக்கொள்ளலாம்.