கரியா கறியா? சின்னப் பசங்களைப் பிழை இல்லாம தமிழ் எழுத வைக்க நான் செய்யுறது

போன வருஷம் கோடை லீவுல இங்க பர்மாவுல கோயில் மண்டபத்துல தமிழ் கிளாஸ் எடுக்கும்போது எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி "அம்மா கரி வாங்கிட்டு வந்தாங்க"ன்னு எழுதியிருந்தா. நான் சிவப்புப் பேனாவால ரி-யை அடிச்சுட்டு பெருசா றி போட்டேன். அவ என் மூஞ்சியையே பார்த்துட்டு "ஹின் இல்ல டீச்சர், மீத்வே"ன்னா. ரங்கூன்காரங்களுக்குச் சொல்ல வேணாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன், பர்மிய மொழியில ஹின்னா கறி, மீத்வேன்னா அடுப்புக்கரி. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத ஊருல அவங்கம்மா நிஜமாவே கரிதான் வாங்கிட்டு வந்திருக்காங்க, புள்ள சரியா எழுதியிருக்கு, தப்பாத் திருத்தினது நான்தான்.

அன்னைக்கு மாத்தினதுதான் இந்த முறை. ஏழுலருந்து பத்து வயசு வரைக்கும், உயிரெழுத்து மெய்யெழுத்து தெரிஞ்ச பசங்களுக்கு. எழுத்தே தெரியாதுன்னா இது வேலைக்காகாது.

என்னென்ன வேணும்: பழைய காலண்டர் அட்டை, கறுப்பு மார்க்கர், அகல செல்லோடேப், ஆளுக்கொரு சிலேட்டு. ஒயிட்போர்டு வாங்காதீங்க, மார்க்கர் மூடியத் தொலைச்சுருவாங்க, ரெண்டே வாரத்துல காஞ்சுரும். சிலேட்டுன்னா எச்சில் தொட்டு அழிச்சு அழிச்சு எழுதும், அழிக்கலாம்ங்கிற தைரியத்துலயே நிறைய எழுதும். கார்டை பிரிண்ட் போடணும்னா பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்க. நான் வேர்டு ஃபைலா கொண்டு போயி, கடைக்காரர் கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் இல்லாம எல்லாப் பக்கமும் கட்டங்கட்டமா வந்து காசு போனதுதான் மிச்சம். இப்ப கையாலதான் எழுதுறேன்.

1. வார்த்தை வீட்டுலருந்து வரணும்

அணில், இலை, ஈட்டின்னு ஆரம்பிக்காதீங்க, ஈட்டியை எந்தப் புள்ள பார்த்திருக்கு? காலையிலருந்து வீட்டுல பார்த்தது பத்து சொல்லுன்னு கேளுங்க. பாதி பர்மியத்துல வரும், "ஸேக்குப் போனோம்"னுவாங்க, திட்டாம "ஓ, சந்தைக்கா"ன்னு சொல்லி சந்தைய போர்டுல எழுதுங்க. எங்க கிளாஸ்ல இப்படித்தான் அரிவாள்மனை, உரல், முறம் எல்லாம் வந்துச்சு.

2. முதல்ல படம், அப்புறம் எழுத்து

"கரி"ன்னு தனியாச் சொல்லி எழுதச் சொன்னா பெரியவங்களாலயே முடியாது, சின்ன ர பெரிய ற ரெண்டும் பேச்சுல ஒண்ணாத்தானே கேக்குது. அதனால முழு வாக்கியமாச் சொல்லுங்க, "பள்ளிக்கூடச் சுவத்துல பல்லி ஓடுது". சிலேட்டுல ஒரு பக்கம் படம் வரையட்டும், மறுபக்கம் எழுதட்டும். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் பிழை எதுன்னு உங்களுக்கே தெரியும். கிளி–கிழி, ஏரி–ஏறி, அரை–அறை, தலை–தழை இதெல்லாம் ஜோடி ஜோடியா கார்டுல போட்டு வைங்க.

3. ந ண ன, நான் மண்டைய உடைச்சுக்கிட்ட இடம்

மூணு சுழி ண, ரெண்டு சுழி னன்னு ஆறு மாசம் கத்தினேன். ஏறவே இல்ல. பசங்க பகல் முழுக்க ஸ்கூல்ல வட்டவட்டமா பர்மிய எழுத்து எழுதுறாங்க, இங்க வந்து சுழி போட ஆரம்பிச்சா நிப்பாட்டவே மாட்டாங்க, ஒருத்தன் ண-வுக்கு நாலு சுழி போட்டுட்டு "அழகா இருக்கு டீச்சர்"ங்கிறான். இன்னொரு சிக்கலும் இருக்கு. பர்மிய எழுத்துலயும் நஜீ, நங்கெ, அதாவது பெரிய ந, சின்ன நன்னு ரெண்டு உண்டு, ஆனா ரெண்டையும் ஒரே மாதிரிதான் படிப்பாங்க. ரெண்டு ல-வும் அப்படித்தான். எழுத்து வேற, சத்தம் ஒண்ணுன்னு பசங்க மனசுல ஏற்கெனவே பதிஞ்சுபோச்சு.

அப்புறம்தான் பழைய பேரு ஞாபகம் வந்துச்சு: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பேருலயே விடை இருக்கு. ட-வுக்கு முன்னாடி ண், த-வுக்கு முன்னாடி ந், ற-வுக்கு முன்னாடி ன். வண்டி, பந்து, கன்று.

இதை விளையாட்டாக்கிட்டேன். ஆறு பேருக்கு ட, ண, த, ந, ற, ன கார்டைக் கழுத்துல மாட்டி விடுங்க. நீங்க "நண்டு"ன்னு கத்தணும், ண-வும் ட-வும் ஓடிவந்து கையப் பிடிச்சுக்கணும், முதல் எழுத்துக்கு ந தனியா கையத் தூக்கணும், ஏன்னா தமிழ் வார்த்தை ஆரம்பத்துல இந்த மூணுல ந மட்டும்தான் வரும். "சந்தை", "தென்றல்", "கிண்டி"... பத்து நிமிஷத்துல மண்டபம் அதிரும், குருக்கள் எட்டிப் பார்ப்பாரு.

ர-ற-வுக்கும் இதே மாதிரி சின்ன வழி ஒண்ணு இருக்கு: இரட்டிச்சா எப்பவும் பெரிய றதான், காற்று, வெற்றி. சின்ன ர இரட்டிக்காது.

தனியா நிக்கிற மணம், மனம், பணத்துக்கு இந்த வித்தை உதவாது. அதுக்குப் படக் கார்டுதான்.

4. திரும்பத் திரும்ப

சனிக்கிழமை கத்துக்கிட்ட பத்துல மூணை ஞாயித்துக்கிழமையும், அடுத்த வாரமும், ஒரு மாசம் கழிச்சும் கேளுங்க. அவ்வளவுதான்.

பின்னாடி சேர்த்தது

ஒரு பையன் "நான்தான்ல ன் பக்கத்துல த வருதே"ன்னு மடக்கினான். எனக்கே அன்னைக்குப் பதில் வரல, வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அது நான், தான்னு ரெண்டு வார்த்தை ஒட்டினது, ஒரே வார்த்தைக்குள்ளதான் நம்ம விதி. இப்ப இதை நானே முதல்ல சொல்லிடுறேன்.

பெகு ஊர்லருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, பாட்டி வீட்டுல லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதச் சொல்லித் தர்றாங்களாம், அடிக்கிறதா விடுறதான்னு. அடிக்காதீங்கக்கா. 1978ல தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்தம் வர்ற வரைக்கும் பெரும்பாலானவங்க அப்படித்தான் எழுதுனாங்க, இங்க தனியார் பள்ளிக்கூடங்களை 1960கள்ல அரசாங்கம் எடுத்துக்கிறதுக்கு முன்னாடி படிச்சவங்களுக்கு அதுதானே தெரியும். நான் பழைய வடிவம் ஒரு பக்கம், புது வடிவம் மறுபக்கம்னு கார்டு போட்டு பாட்டிகிட்டயே குடுத்தனுப்பினேன். இப்ப அவங்க பேரனுக்குப் பழசு, பேரன் அவங்களுக்குப் புதுசு.

அப்புறம் அந்த செல்லோடேப், கார்டு ரெண்டு பக்கமும் ஒட்டிருங்க. தின்ஜானுக்கு, அதான் தண்ணி ஊத்தி விளையாடுற பர்மியப் புத்தாண்டுக்கு, மறுநாள் கிளாஸ் வச்சேன், வர்ற வழியிலயே எவனோ வாளியோட நின்னிருக்கான், ண மட்டும்தான் தப்பிச்சுது.