சின்னக் கோப்பையில் சீன டீ: ஊற்றுகிற முறை

கப்பலில் மோட்டார்மேனாக இருந்தபோது, சீனாவின் ஷியாமென் துறைமுகத்தில் ஒரு கடைக்காரப் பெரியவர் எனக்கு டீ ஊற்றினார். கோப்பை டானிக் மூடியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒரே மடக்கில் குடித்தேன். மறுபடி ஊற்றினார். மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று அதையும் குடித்தேன். இப்படியே பதினைந்து தாண்டியிருக்கும். அங்கே கோப்பை காலியானால் ஊற்றுவதுதான் மரியாதை. போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே விட்டுவிட வேண்டும். இது புரிய எனக்கு இன்னும் இரண்டு பயணம் பிடித்தது.

இப்போது தண்டையார்பேட்டை வீட்டில் ஞாயிறு மாலை நானே ஊற்றுகிறேன். தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியன், சாவ்ஜோ பக்கத்து முறை இது. பெயர் கோங்ஃபு சா. சா என்றால் டீ. கோங்ஃபு என்பது குங்ஃபூ சண்டைக்குச் சொல்லும் அதே சொல்தான். பொறுமையாகப் பழகி வரும் திறமை என்று பொருள்.

தண்ணீர் முக்கியம். எங்கள் தெரு போர் தண்ணீரில் டீ மேல் ஏடு படிகிறது, கேன் தண்ணீர்தான். இலை ஊலாங், பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் நடுவில் நிற்கிற ரகம். அதில் அன்ஷி ஊர் தியெகுவான்யின் வகை கிடைத்தால் விடாதீர்கள். டஸ்ட் வேண்டவே வேண்டாம். பால், சர்க்கரை கிடையாது. பொறை தொட்டுச் சாப்பிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

மூடி போட்ட பீங்கான் கிண்ணத்துக்குப் பெயர் கைவான். மூடி வானம், கிண்ணம் மனிதர், தட்டு பூமி என்பார்கள். 100 மில்லி கிண்ணத்துக்கு 6 கிராம் இலை. முதலில் கொதிநீரால் கிண்ணத்தையும் கோப்பைகளையும் சூடாக்கிக் கொட்டுங்கள். சூட்டோடு இலையைப் போட்டு, மூடி, ஒரு குலுக்கு. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: மனோரஞ்சிதம் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி இருக்கும். எனக்கு டீயைவிட இதுதான் பிடிக்கும்.

முதல் தண்ணீரை ஐந்து விநாடியில் கொட்டிவிடுங்கள். அடுத்தது 20 விநாடி. அப்புறம் ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து விநாடி கூட்டினால் ஆறு தடவை தாங்கும். கிண்ணத்தின் வயிற்றைப் பிடித்தால் விரல் வெந்துவிடும். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடிக் குமிழில். மூடியை ஒரு நூல் விலக்கிச் சாயுங்கள்.

நேராகக் கோப்பையில் ஊற்றினால் முதல் ஆளுக்கு லைட்டு, கடைசி ஆளுக்கு ஸ்ட்ராங்கு. அதனால் எல்லாவற்றையும் ஒரு ஜக்கில் வடித்துப் பிறகு பங்கிடுவார்கள். அதற்கு நியாயக் கோப்பை என்றே பெயர். எங்கள் வீட்டில் கண்ணாடிப் பால் ஜக். பெரியவர்களுக்கு முதலில், பத்தில் ஏழு பங்குதான் நிரப்ப வேண்டும்.

வாங்குகிறவர் நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார். மாறுவேடத்தில் போன சியென்லோங் பேரரசர் தன் ஆட்களுக்கே டீ ஊற்ற, காலில் விழ முடியாதவர்கள் விரலை மடக்கித் தட்டினார்கள் என்று கதை. என் மனைவி ஊற்றியபோது நான் தட்டினேன். "இன்னாய்யா, டீக்கடைன்னு நெனப்பா?" என்றாள்.

சீனக் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டு, பெரியவர்களை முறை சொல்லி அழைத்து, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுவார்கள். அவர்கள் குடித்துவிட்டுச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்தால் மருமகளை ஏற்றாயிற்று. நம் பாத பூஜைக்கு ரொம்பத் தூரமில்லை. தேயிலையில் இருக்கிற 'தே'யும் ஷியாமென் பக்கத்துப் பேச்சுதான், கப்பலேறி வந்தது.

கடைசியில் இலையைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். உருண்டையாக இருந்தது முழு இலையாக, காம்போடு விரிந்து கிடக்கும். எல்லோரும் பார்த்த பிறகு அது மொட்டைமாடிக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு.